எல்.கே.ஜி. பெற்றோர்களுக்கு: அடி, கடி, 'தள்ளு'

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். போன வாரம் பிள்ளைகளுக்குள் நடந்தது பள்ளிக்கூட கேட்டில் இரண்டு குடும்பத்துச் சண்டையாகிவிட்டது. அதனால்தான் இந்தக் கடிதம்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த மலையாளக் குழந்தையிடம் நம் தமிழ்ப் பையன், நகர்ந்து இடம் கொடு என்ற அர்த்தத்தில் "தள்ளு" என்றிருக்கிறான். மலையாளத்தில் தள்ளு என்றால் பிடித்துத் தள்ளுவதுதான். அந்தப் பிள்ளை சொன்னதைச் செய்தது. விழுந்தவன் எழுந்து வந்து கையைக் கடித்துவிட்டான்; நாலு பல் பதிந்திருந்தது. நானும் அவசரப்பட்டு, கடித்தவனை மட்டும் மன்னிப்புக் கேட்க வைத்தேன். ஆயா சொல்லித்தான் விவரம் தெரிந்தது. தப்பு என்னுடையது என்று அவனிடமே சொல்லிவிட்டேன்.

இரண்டிலிருந்து நாலு வயதுக்குள் அடியும் கடியும் அதிகம்தான். கோபம் வந்துவிடும், சொல்ல வார்த்தை வராது, கை முந்திக்கொள்ளும். பேச்சு வளர வளர இது குறையும். கேரளத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய நம் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வீட்டில் தமிழ், வெளியே மலையாளம். அது நல்லதுதான். ஆனால் சண்டைக்கு வேண்டிய நாலு சொல்லை இரண்டிலும் பழக்குங்கள்: 'நகரு' மலையாளத்தில் 'மாறு', 'வேண்டாம்' அங்கே 'வேண்டா'.

வீட்டில் கை ஓங்கினால், அடிபட்ட பிள்ளையை முதலில் கவனியுங்கள். பிறகு குனிந்து, ஓங்கிய கையைப் பிடித்து, "அடிக்க விடமாட்டேன்" என்று சொன்னால் போதும். அழுகை அடங்குமுன் சொல்லும் புத்தி எதுவும் ஏறாது.

கோயம்புத்தூர் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரம் எனக்கும் தெரியும். ஆனால் ஐந்து மணிக்கு எழுப்பி, பாதி தோசையோடு அனுப்பும் பிள்ளைதான் பதினொரு மணிக்குச் சண்டை போடுகிறது. 3, 4 வயதுக்குப் பகல் தூக்கமும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் வேண்டும். போன், டிவி எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

"ரெண்டு போடுங்க டீச்சர்" என்கிறீர்கள். போடமாட்டேன். ஆறு முதல் பதினாலு வயதுப் பிள்ளைகளையே அடிக்கக் கூடாது என்று 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தடை செய்கிறது; இந்தச் சின்னப் பிள்ளைகளை அடிப்பது அதைவிடத் தப்பு. தவிர, பெரியவர் ஒருவர் பொம்மையை அடிப்பதைப் பார்த்த பிள்ளைகள் அதே மாதிரி அடித்ததை உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1961-லேயே காட்டிவிட்டார்.

பேச்சு தாமதமானால் முதலில் காதைப் பரிசோதியுங்கள். ஐந்து வயது தாண்டியும் தினம் அடிக்கிறான், தன்னையே காயப்படுத்திக்கொள்கிறான் என்றால் குழந்தை மருத்துவரைப் பாருங்கள்.

கேட்டில் நின்று அடுத்தவர் பிள்ளையை யாரும் விசாரிக்க வேண்டாம். மூன்றரை மணிக்கு மேல் என் அறையில்தான் இருப்பேன், வாருங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்