விழுந்தவர் முதலில், துப்பாக்கி அப்புறம்: செயலாளரின் 2025 ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர், செயலவையினர், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

செந்தூல் கடைவீட்டு மாடியில் நம் சனிக்கிழமை வீடியோ கேம் ஆட்டம் இந்த ஆண்டு மூன்று முறைதான் நின்றது. தைப்பூச வாரம், தீபாவளி வாரம், இடிமழையில் மின்சாரம் போன ஒரு மாலை. மற்ற எல்லாச் சனிக்கிழமையும் இரண்டு பிஎஸ்4 (பிளேஸ்டேஷன் 4) பெட்டிகளும் ஓடின. கீழே மாமாக் உணவுக் கடையிலிருந்து தே தாரிக் தேநீர் மேலே ஏறி வந்துகொண்டே இருந்தது.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. நாம் ஆடுவது கியர்பாக்ஸ் நிறுவனம் உருவாக்கி 2012இல் வெளிவந்த பார்டர்லேண்ட்ஸ் 2. 2015இல் வந்த ஹேண்ட்சம் கலெக்‌ஷன் பதிப்பில் ஒரே டிவியை நான்காகப் பிரித்து நால்வர் சேர்ந்து ஆடலாம். நாம் அதைத் தேர்ந்தெடுத்ததே அதற்காகத்தான். சுடுகிற ஆட்டம்தான், ஆனால் ஒவ்வொருவரும் தன் ஆளை லெவல் லெவலாக வளர்க்க வேண்டும், திறமைப் புள்ளிகளை யோசித்துப் போட வேண்டும். எதிரி விழுந்தால் துப்பாக்கி, ஷீல்டு (அடியைத் தாங்கும் ஆற்றல் திரை) எல்லாம் தரையில் சிதறும். இதைத்தான் லூட் என்கிறோம். வெள்ளை, பச்சை, நீலம், ஊதா, ஆரஞ்சு என்று நிறம் ஏற ஏற அரிதான பொருள். ஆள் கூடக் கூட எதிரியின் உயிரும் கூடும். நால்வர் சேர்ந்தால் சுலபம் என்று நினைத்து வந்தவர்கள் முதல் மாலையிலேயே உண்மையைத் தெரிந்துகொண்டார்கள்.

பள்ளிப் பிள்ளைகளைச் சேர்க்கச் சொல்லிச் சில பெற்றோர் கேட்டார்கள். ஐரோப்பாவில் இந்த ஆட்டத்துக்கு 18 வயது என்று முத்திரை உண்டு. ரத்தமும் கெட்ட வார்த்தையும் தாராளம். அதனால் 18 நிறையாதவர்களுக்கு இடமில்லை என்று செயலவை முடிவு செய்தது. மறுத்தது எனக்கு வருத்தமே, ஆனால் அது சரியான முடிவு.

இனி, இந்த ஆண்டு நம்மை உண்மையிலேயே உலுக்கிய விஷயம். மார்ச் மாதம் ஓர் அணி கதையின் கடைசி எதிரியான வாரியரை முதன்முறையாக வீழ்த்தியது. லூட் மழையாகக் கொட்டியது. நடுவில் ஆரஞ்சு ஒளிக்கம்பம் ஒன்று: கான்ஃபெரன்ஸ் கால் ஷாட்கன். சுட்ட குண்டுகள் போகிற வழியிலேயே பக்கவாட்டில் பிரிந்து பெருகும் துப்பாக்கி அது. இரண்டு கையிலும் துப்பாக்கி பிடிக்கும் சால்வடார் என்ற பாத்திரத்தை ஆடும் தம்பி மாதக்கணக்காக அதற்குத்தான் காத்திருந்தார். ஆனால் இந்த ஆட்டத்தில் தரையில் விழுவது பொது. யார் முதலில் எடுக்கிறாரோ அவருக்குத்தான். பக்கத்தில் நின்ற, தூரத்திலிருந்து சுடும் ஸ்னைப்பர் ஆட்டக்காரர் எடுத்தார். அவருக்கு ஷாட்கன் பழக்கமே இல்லை. பை நிறைந்துவிட்டது என்று அடுத்த விற்பனை இயந்திரத்தில் மற்றதோடு சேர்த்து அதையும் விற்றுவிட்டார். விற்றதை உடனே திரும்ப வாங்கிக்கொள்ள வழி உண்டு. விஷயம் தெரிவதற்குள் ஆட்டத்தை நிறுத்திவிட்டோம். துப்பாக்கி போனது போனதுதான்.

அன்று இரவு யாரும் சரியாகப் பேசவில்லை. தம்பி இரண்டு வாரம் வரவேயில்லை. விற்றவர் மனமறிந்து செய்தவர் அல்ல, அவரும் நொந்துபோனார். அப்புறம் செயலவை உட்கார்ந்து மூன்று வழக்கங்களை வகுத்தது. விழுந்த தோழரைத் தூக்கிவிட்ட பிறகே லூட்டைத் தொட வேண்டும். ஆரஞ்சு எதுவானாலும் எடுக்குமுன் சத்தமாக வாசிக்க வேண்டும். யாருடைய ஆளுக்கு அது பொருந்துகிறதோ அவருக்கு முதல் உரிமை. இருவர் கேட்டால் தாயக்கட்டை.

சத்தமாக வாசிக்கும் வழக்கம் இன்னொரு வகையிலும் உதவியது. திரை நாலாகப் பிரியும்போது எழுத்து எறும்பு அளவுக்குச் சிறுத்துவிடுகிறது. இப்போது ஒருவர் டிவிக்கு அருகில் போய் நின்று, “மாலிவான் எஸ்எம்ஜி, மின்சாரம், யாருக்கு வேண்டும்?” என்று கேட்கிறார். மாலிவான் என்பது ஆட்டத்தில் வரும் துப்பாக்கி நிறுவனம், எஸ்எம்ஜி ஒரு வகைத் துப்பாக்கி. எந்த வகைக் குண்டு எதற்கு எதிராக நன்றாக வேலை செய்யும் என்பதை, தீ சதைக்கு, மின்சாரம் ஷீல்டுக்கு, அரிப்பு கவசத்துக்கு என்று சுவரில் தமிழில் எழுதி ஒட்டிய அட்டை இருக்கிறது. அதைப் பார்த்து நாலு பேரும் யோசிக்கிறார்கள். தம்பியும் திரும்ப வந்தார். ஆகஸ்டில் அவருக்கு இன்னொரு கான்ஃபெரன்ஸ் கால் கிடைத்தது. அதை எடுத்து அவர் கையில் கொடுத்தவர் முன்பு விற்ற அதே நண்பர். அந்த மாலையில் அங்கே இருந்ததை என் பாக்கியமாக நினைக்கிறேன்.

டீச்சரைப் பற்றிச் சொல்லாமல் இந்த அறிக்கை முழுமையாகாது. தமிழ்ப்பள்ளியில் வேலைபார்த்து ஓய்வு பெற்றவர், மகனை அழைத்துப் போக வந்தவர், ஏப்ரலில் தானே கண்ட்ரோலரைப் பிடித்தார். இரண்டு குச்சிகளையும் ஒரே நேரத்தில் அசைக்க மூன்று வாரம் பிடித்தது. மாயா என்ற பாத்திரத்தைத் தேர்ந்தெடுத்து, தாக்கும் திறமைகளை விட்டுவிட்டு, விழுந்தவரைத் தூரத்திலிருந்தே எழுப்பும் திறமைக்குப் புள்ளிகளைச் சேர்த்தார். உயிர் போகும் நேரத்தில் திரை மங்கி, கோடு குறைந்துகொண்டே வரும். அதற்குள் ஓர் எதிரியைக் கொன்றாலோ தோழர் தூக்கிவிட்டாலோதான் பிழைக்கலாம். அடிக்கடி விழுந்தால் அந்த நேரமும் சுருங்கும். செப்டம்பரில் டெரமார்ஃபஸ் என்ற ராட்சத எதிரியோடு மோதினோம். முதல் முறைக்குப் பிறகு அதை ஒவ்வொரு முறை அழைக்கவும் ஆட்டத்துக்குள் பணம்போலப் பயன்படும் எரிடியம் 8 கட்டணம். எங்கள் மூவருடைய திரையும் மங்கிவிட்டது. “அசையாம இருங்கடா, ஒவ்வொருத்தரா வர்றேன்” என்றார் டீச்சர். ஒருவரைத் தூரத்திலிருந்தே எழுப்பினார். எழுந்தவர் அடுத்தவரிடம் ஓடினார். டீச்சர் என் பக்கத்தில் வந்து குனிந்தார். என் கோட்டில் ஒரு விரல் அகலம்கூட மிச்சமில்லை.

மின்சாரம் போன மாலையில் ஒருவரின் 50ஆம் லெவல் ஆள் அழிந்துபோனது. நகல் எடுக்காதது செயலாளரான என் தவறு. அவரிடம் மன்னிப்புக் கேட்டேன், இங்கும் கேட்கிறேன். இப்போது ஒவ்வொரு மாலையும் ஆட்டம் முடிந்ததும் யூஎஸ்பியில் நகல் எடுக்கிறோம்.

2019இல் வந்த மூன்றாம் பாகத்துக்கு மாறலாமா என்று நீண்ட விவாதம் நடந்தது. அதில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக லூட் விழும்படி வைக்கலாம், பழையபடி பொதுவாகவும் வைக்கலாம். தனி லூட் வந்தால் சண்டையே வராது என்றார்கள் சிலர். சண்டை வராது, சரி. ஆனால் “இது உனக்குத்தான் பொருந்தும், எடுத்துக்கோ” என்று சொல்ல வாய்ப்பும் குறைந்துபோகும். மாறினாலும் பொது லூட்டிலேயே ஆட வேண்டும் என்பது என் கருத்து. கூட்டம் முடிவு செய்யட்டும். செப்டம்பர் 12 அன்று வெளியான நான்காம் பாகம் பிஎஸ்4இல் ஓடாது, ஆகவே அதைப் பற்றி இப்போது பேச ஒன்றுமில்லை.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். கூட்டம் முடிந்த 60 நாளுக்குள் சங்கப் பதிவிலாகாவுக்குக் கணக்கு அனுப்ப வேண்டும், கையெழுத்துப் போட வேண்டியவர்கள் இன்றே போட்டுவிட்டுப் போங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். வீட்டில் பழைய பிஎஸ்4 கண்ட்ரோலர் சும்மா கிடந்தால் கொண்டு வாருங்கள். குச்சி தானாக நகர்ந்தாலும் பரவாயில்லை, அதைக் கழற்றிச் சரிசெய்யத் தெரிந்தவர் நம்மிடம் இருக்கிறார்.

செயலாளர்,
செந்தூல், கோலாலம்பூர்