பிஷப் பார்பரா ஹாரிஸ் மாலை நிகழ்ச்சிக்குக் கைகொடுத்தவர்களுக்கு

அன்பான எல்லோருக்கும்,

இங்கிலாந்துத் திருச்சபை வழி வந்த ஆங்கிலிக்கன் சபைகளில் முதன்முதலாகப் பேராயரான பெண், அமெரிக்காவின் பிஷப் பார்பரா ஹாரிஸ் அம்மா. அவருடைய வாழ்க்கையை நம் தமிழ் ஜெபக்குழுவில் ஒரு மணி நேரம் சொல்ல வேண்டும் என்பது என் பல நாள் ஆசை. ஆசை என்னுடையது, உழைப்பு உங்களுடையது. அன்றைக்கே ஒவ்வொருவரிடமும் சொல்ல நினைத்தேன். நாற்காலி மடக்கவும் பிள்ளைகளுக்குக் குளிர்கோட்டு மாட்டவுமே நேரம் சரியாகப் போய்விட்டது. அதனால்தான் இந்த மடல்.

முதல் நன்றி, நம் ஆலயத்தில் மூன்றாம் வரிசையில் உட்காரும் பாட்டிக்கு. அவருக்குத் தமிழ் தெரியாது. என் மகள் இதை ஆங்கிலத்தில் சொல்லிக் காட்டுவாள். 1989 பிப்ரவரி 11 அன்று ஹாரிஸ் அம்மா பேராயராக அபிஷேகம் பெற்றபோது பாஸ்டன் ஹைன்ஸ் அரங்கத்தில் கூடிய ஏறக்குறைய 8,000 பேரில் பாட்டியும் ஒருவர். அன்றைய ஆராதனை முறைத் தாளை இத்தனை வருஷம் பிளாஸ்டிக் உறைக்குள் காப்பாற்றி வைத்திருந்து, என்னை நம்பிக் கொடுத்தார். ஓரமெல்லாம் பழுத்து, மடிப்பில் எழுத்து தேய்ந்த தாள். ஓர் இடத்தில் மட்டும் பென்சிலால் சின்னக் கோடு போட்டிருந்தது. என்ன என்று கேட்டேன். யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று சபையாரைக் கேட்கிற இடமாம். இரண்டு பேர் ஒலிபெருக்கி முன் வந்து ஆட்சேபம் சொன்னார்கள். தலைமைப் பேராயர் எட்மண்ட் பிரவுனிங் கேட்டுக்கொண்டார். பிறகு ஆராதனையைத் தொடர்ந்தார். “அப்போது பக்கத்தில் இருந்தவர் கையை இப்படிப் பிடித்துக்கொண்டேன்” என்று சொன்ன பாட்டி, என் கையையும் அதே மாதிரி இறுக்கிப் பிடித்தார். விரல் வலித்தது. அன்று மேடையில் நான் சொன்ன எதுவும் அந்தப் பிடிக்கு ஈடாகாது.

கொலை மிரட்டல்கள் வந்திருந்த நேரம் அது. குண்டு துளைக்காத சட்டையை உள்ளே போட்டுக்கொள்ளுங்கள் என்று போலீசார் சொல்லியும், ஹாரிஸ் அம்மா வேண்டாம் என்றுவிட்டார். அப்போது அவருக்கு வயது 58. உலகம் முழுவதுமுள்ள ஆங்கிலிக்கன் திருச்சபைகளில் பேராயரான முதல் பெண் அவர்தான்.

அடுத்து, பழைய செய்தித்தாள் நகல்களைத் தேடி எடுத்துக் கொடுத்த அக்காவுக்கு. அக்கா, நீங்கள் இல்லாவிட்டால் ஒரு பெரிய தப்பை எல்லோர் முன்னாலும் சொல்லியிருப்பேன். 1974 ஜூலை 29 அன்று பிலடெல்பியாவில் குருப்பட்டம் பெற்ற 11 பெண்களில் ஹாரிஸும் ஒருவர் என்று என் குறிப்பில் எழுதி வைத்திருந்தேன். “இல்லை, அவர் சிலுவை தூக்கி வந்தவர்” என்று இரவு பதினோரு மணிக்கு போன் செய்து திருத்தினீர்கள். அதற்கப்புறம் எனக்குத் தூக்கமே வரவில்லை. சபையின் அனுமதி இல்லாமல், பதவியை விட்டிருந்த மூன்று பேராயர்கள் கைவைத்துக் கொடுத்த பட்டம் அது. ஹாரிஸ் அன்று குரு அல்ல, எண்ணெய்க் கம்பெனி ஒன்றில் மக்கள் தொடர்பு வேலை பார்த்த சபை அங்கத்தினர். தனக்கென்று எதுவும் கேட்காமல், மற்ற பெண்களுக்காகச் சிலுவையை ஏந்திப் பவனியின் முன்னால் நடந்திருக்கிறார். 1976-இல் சபை பெண் குருக்களுக்குக் கதவைத் திறந்தது. 1979-இல் அவர் டீக்கன் (குருப்பட்டத்துக்கு முந்தின நிலை) ஆனார், 1980-இல் குருவானவர். என் பேச்சை அடியோடு மாற்றி, அந்தப் பவனியிலிருந்தே தொடங்கினேன். அது உங்களால்தான் அக்கா.

தமிழ் வார்த்தைகளுக்கு உட்கார்ந்து மல்லுக்கட்டிய அண்ணனுக்கும் நன்றி. ஹாரிஸ் அம்மாவின் பதவியான ‘சஃப்ரகன்’ என்பதற்குத் ‘துணைப் பேராயர்’ போதும், ஆனால் பேசும்போது ‘பிஷப் அம்மா’ என்றே சொல் என்றீர்கள். முன்வரிசைப் பெரியம்மாக்கள் முகம் மலர்ந்தது அந்த வார்த்தைக்குத்தான்.

ஹாங்காங்கிலிருந்து வந்த பக்கத்து வீட்டுத் தோழிக்கு ஒரு தனி வணக்கம். லீ டிம்-ஓய் என்ற பெயரை எப்படி உச்சரிப்பது என்று பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். போர்க்காலத்தில், 1944-இல், பேராயர் ரொனால்ட் ஹால் கையால் குருப்பட்டம் பெற்றவர் லீ டிம்-ஓய். ஆங்கிலிக்கன் சபையில் முதல் பெண் குரு. எதிர்ப்பு கிளம்பியதால் போருக்குப் பின் குருப்பணி உரிமத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டி வந்தது. அவர் 81 வயதில் பாஸ்டனுக்கு வந்து, ஹாரிஸின் அபிஷேக ஆராதனையில் பீடத்தருகே நின்றார். இதைச் சொன்னபோது என் தொண்டை அடைத்துவிட்டது. அந்த இடைவெளியில் தண்ணீர் கொண்டுவந்து வைத்த தம்பியையும் மறக்கவில்லை.

கேள்வி கேட்ட மாமாவுக்கும் மனதார நன்றி. பெண் பேராயர் என்பது உங்களுக்கு உடன்பாடில்லாத விஷயம், அது எனக்குத் தெரியும். ஆனாலும் வந்தீர்கள், கடைசி வரை இருந்தீர்கள், “வேதாகமக் கல்லூரிப் பட்டம் இல்லாதவர் எப்படிப் பேராயராகலாம்?” என்று நேராகக் கேட்டீர்கள். 1988-இல் அவர் பேராயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டபோது பலர் கேட்ட கேள்விதான் அது. அவர் விவாகரத்தானவர் என்பதையும் சேர்த்துச் சொன்னார்கள். மாசசூசெட்ஸ் திருமண்டலம் தேர்ந்தெடுத்தால் மட்டும் போதாது, நாடு முழுவதிலும் திருமண்டலக் குழுக்களிலும் பேராயர்களிலும் பெரும்பான்மையோர் சம்மதிக்க வேண்டும். அதைத் தாண்டித்தான் வந்தார். அன்று நேரமில்லாமல் விட்டதை இங்கே சொல்கிறேன், மாமா: பேராயராவதற்கு முன் பிலடெல்பியா சிறைகளில் ஆன்மிகப் பணி செய்தவர் அவர். என் கண்ணுக்கு அதுவே பெரிய படிப்பு.

தேநீர் போட்டவர்கள், மைக் சரிசெய்த பையன்கள், பனியில் வழுக்காமல் வாசலில் உப்பு தூவியவர்கள், எல்லோருக்கும் நன்றி. 2002 வரை பாஸ்டனில் பணி செய்து, 2020 மார்ச் 13 அன்று 89 வயதில் மறைந்த ஒரு கறுப்பினப் பெண்ணின் கதையைக் கேட்க, அந்தக் குளிரில் நீங்கள் வீட்டை விட்டுக் கிளம்பி வந்தீர்கள்.

பாட்டி, உங்கள் தாள் என் வேதப்புத்தகத்துக்குள் பத்திரமாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு முன்னால் மூன்றாம் வரிசைக்கே கொண்டுவந்து தருகிறேன்.

அன்புடன்,
உங்கள் சகோதரி