ஞாயிற்றுக்கிழமையும் திறந்து வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் முப்பத்தொரு வருடம் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். கடைசியாக வேலை பார்த்த பள்ளியில் ஓட்டுக்கூரை போட்ட பழைய கட்டடம் ஒன்று இடிக்கிற நிலையில் கிடந்தது. பழைய மாணவர்கள் பணம் போட்டு, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரில் சுண்ணாம்பு அரைத்துப் பூசி அதை மீட்டார்கள். முன்பு எப்போதோ சிமெண்ட் பூசியிருந்த இடத்தில் ஈரம் வெளியேற வழியில்லாமல் சுவர் உப்புப் பூத்திருந்தது. அதைக் கொத்தி எடுக்கவே இரண்டு மாதம் ஆயிற்று.

இன்று அது பிள்ளைகள் நடத்தும் ஓவியக்கூடம். யாரும் வந்து பார்க்கலாம். சுவரில் ஆணி அடிப்பதில்லை. மேலே ஓடும் மரச்சட்டத்திலிருந்து கயிறு கட்டிப் படங்களைத் தொங்கவிடுகிறார்கள்.

போன மாதம் பஸ் ஸ்டாண்டில் பூக்கட்டி விற்கும் அம்மா ஒருவர் வந்தார். செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டார். அவருடைய கைகளைத்தான் மகள் வரைந்திருந்தாள், கனகாம்பரம் தொடுக்கிற மாதிரி. வெகுநேரம் பார்த்துவிட்டு, "நாரு இந்த விரல்ல சுத்தி வரணும்டி" என்றார். மகள் அங்கேயே பென்சிலை எடுத்துத் திருத்தினாள். நான் இத்தனை வருடம் வகுப்பெடுத்ததில் இப்படி ஒரு பாடம் நடத்தியதில்லை.

அந்த அம்மா அன்று கடையை மூடிவிட்டுத்தான் வந்தார். கூடம் திறப்பது பள்ளி நாட்களில், பத்து மணி முதல் நான்கு வரை. வேலைக்குப் போகிற பெற்றோர் எப்படி வருவார்கள்? சென்னைக் கவின்கலைக் கல்லூரியின் முதல்வராக இருந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்த உழைப்பாளர் சிலை 1959 முதல் மெரினாவில் நிற்கிறது. கூலி வேலைக்குப் போகிறவர் பஸ்ஸில் உட்கார்ந்தபடியே அதைப் பார்த்துவிடுகிறார். பிள்ளைகளின் படங்களுக்கும் அந்த வசதி வேண்டாமா?

2022 முதல் அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடக்கிறது, நல்ல காரியம். அப்புறம் அந்தப் படங்களை ஊர் பார்க்க ஓர் இடம் வேண்டும். பழைய சுண்ணாம்புக் கட்டடம் இருக்கிற பள்ளிகள் ஓர் அறையை ஒதுக்கி, ஞாயிறு காலை இரண்டு மணி நேரமாவது திறந்து வைக்கப் பள்ளிக் கல்வித் துறை அனுமதிக்க வேண்டுகிறேன். எங்கள் பள்ளியில் சாவியை வாங்கித் திறந்து பூட்டும் பொறுப்பை நானே ஏற்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஓவிய ஆசிரியர்,
தஞ்சாவூர் மாவட்டம்.