கார்பைடு விளக்கும் நாலு துண்டுச் செம்புக் குழாயும்: ஒரு நன்றி மடல்

அன்புள்ள எல்லோருக்கும்,

போன சனிக்கிழமை ராத்திரி ஏழே முக்காலுக்கு எங்கள் வீட்டுக் கூடத்தில் விளக்கு எரிந்தது. மின்சார விளக்கு இல்லை, வாயுவில் எரியும் பழைய கார்பைடு விளக்கு. பதினோரு நிமிடம் எரியவிட்டு அணைத்துவிட்டோம். அந்தப் பதினோரு நிமிடத்துக்குப் பதினாறு மாதம் ஆனது. குறைந்தது பத்துப் பேர் அதற்காக மெனக்கெட்டிருக்கிறார்கள். இங்கே உள்ளவர்களுக்கு ஆங்கிலத்தில் நன்றி சொல்லி ஆளுக்கு ஒரு டப்பா முறுக்கும் கொடுத்தாகிவிட்டது. கரூரில் இருக்கும் மாமாவுக்கு ஆங்கிலத்தில் எழுதினால், "என்ன கண்ணு, கலெக்டர் ஆபீசுக்கு மனு எழுதற மாதிரி எழுதியிருக்க?" என்பார். அதனால் இது தமிழில். மற்றவர்கள் யார் யார், என்ன செய்தார்கள் என்று மாமாவுக்கும் தெரிய வேண்டும், உங்களுக்கும் தெரியட்டும்.

நானும் கணவரும் வீடு வாங்கியது நியூயார்க் மாநிலத்தின் ஃபிங்கர் லேக்ஸ் பக்கம். (நியூயார்க் என்றதும் வானளாவிய கட்டடங்களை நினைக்க வேண்டாம். எங்களைச் சுற்றி இருப்பது மாடு, சோளம், ஐந்து மாதம் பனி.) நூறு வருடத்துக்கு மேற்பட்ட பண்ணை வீடு. சுவரில் நாலைந்து இடத்தில் இரும்புக் குழாயின் முனை நீட்டிக்கொண்டிருந்தது. அதன் மேலேயே பெயின்ட் அடித்திருந்தார்கள். மாடிப்படிக்குக் கீழே துணியில் சுற்றிய பித்தளை விளக்குகள் கிடைத்தன. பின்பக்கப் புதரில் வட்டமான வார்ப்பிரும்பு மூடி ஒன்று. செப்டிக் டேங்க் என்றுதான் நினைத்தோம்.

கடப்பாரையோடு அதைத் திறக்கப் போன என்னை வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கத்தி நிறுத்தினார் பக்கத்துப் பண்ணைப் பெரியவர். முதல் நன்றி அவருக்கு. அது கழிவுநீர்த் தொட்டி இல்லை, விளக்குக்கு வாயு தயாரிக்கும் இயந்திரம், தன் தாத்தா வீட்டிலும் ஒன்று இருந்தது, உள்ளே மிச்சம் மீதி கார்பைடு கல் கிடந்து இரும்போடு இரும்பு உரசிப் பொறி பறந்தால் நீ இங்கே நிற்கமாட்டாய் என்றார். அவர் பேசும்போது லேசாக ஒரு வாடை வந்தது. அழுகிய பூண்டு வாடை. எனக்கு அது புதிதில்லை. கரூரில் மாமாவின் கேஸ் வெல்டிங் பட்டறைக்குப் பின்னால் வீசும் அதே வாடை.

மாம்பழத்தைக் கல் வைத்துப் பழுக்க வைப்பார்களே, அதே கார்பைடு கல்தான். பழத்துக்கு அதை வைப்பது இந்தியாவில் தடை செய்யப்பட்டது. ஆனாலும் கல் வைத்த பழத்தைச் சாப்பிடாத நாக்கு நம்மில் எத்தனை இருக்கும்? தண்ணீர் பட்டால் அது அசிட்டிலீன் வாயுவைக் கக்கும். மிஞ்சுவது நீற்றிய சுண்ணாம்பு. 1892-இல் வட கரோலினாவில் தாமஸ் வில்சன் என்பவர் மின் உலையில் அலுமினியம் எடுக்க முயன்றபோது தற்செயலாகக் கிடைத்தது இந்தக் கல். பிறகு நயாகராவில் பெரிய அளவில் செய்தார்கள். சுண்ணாம்பையும் கல்கரியையும் சுமார் 2,000 டிகிரியில் உருக்க ஏராளமான மின்சாரம் வேண்டும், அங்கே அருவி இருந்தது. 1898-இல் தொடங்கிய யூனியன் கார்பைடு நிறுவனத்தின் பெயர் இந்தக் கல்லிலிருந்து வந்ததுதான். ஆமாம், போபால் என்றதும் நமக்கு நினைவுக்கு வரும் அதே பெயர்.

எனக்கு இதில் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. 1930-களின் நடுவில்கூட அமெரிக்கப் பண்ணை வீடுகளில் ஏறக்குறைய பத்தில் ஒன்றுக்குத்தான் மின்சாரம் இருந்தது. கிராமங்களுக்கு மின்சாரம் கொண்டுபோக அதிபர் ரூஸ்வெல்ட் தனி அமைப்பையே ஏற்படுத்தியது 1935-இல். அதுவரை, அருவியில் எடுத்த மின்சாரத்தைக் கல்லாக்கி, டின்னில் அடைத்து, கம்பி போகாத ஊர்களுக்கு அனுப்பியிருக்கிறார்கள். எங்கள் வீட்டிலிருந்து நயாகரா காரில் இரண்டரை மணி நேரம்.

சரி, நன்றிக்கு வருகிறேன்.

எங்கள் ஊர்த் தீயணைப்புப் படைத் தலைவர். இங்கே கிராமங்களில் தீயணைப்பு வீரர்கள் பெரும்பாலும் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். இவர் பகலில் பள்ளி பஸ் ஓட்டுகிறார். வாயு அளக்கும் கருவியோடு வந்தவர், பித்தளைக் கருவியால் மூடியை நகர்த்தி, ஒரு நாள் முழுக்கத் திறந்து போட்டார். உள்ளே கல் இல்லை, இடுப்பளவு இறுகிய சுண்ணாம்புதான். நாங்கள் பயந்திருக்க வேண்டியது வேறொன்றுக்கு. மாட்டுக் கொட்டகை மூலையில் துருப்பிடித்த டின் ஒன்று இருந்தது. நான் அதன் மேல் பூந்தொட்டி வைத்திருந்தேன். முத்திரை உடையாத கார்பைடு. ஈரம் புகுந்து உள்ளே வாயு சேர்ந்திருந்தால், திறக்கும்போது ஒரு பொறி போதும். பூந்தொட்டியைத் தானே எடுத்துக் கீழே வைத்துவிட்டு, எங்கள் எல்லோரையும் சாலைக்கு அனுப்பி, அபாயப் பொருள் அகற்றும் ஆட்களை வரவழைத்தார். அதன்பிறகு எங்களுக்கு இரண்டு நிபந்தனை போட்டார். நிலத்தடி இயந்திரத்தில் இனி ஒருபோதும் கல் போடக்கூடாது. விளக்கு எரிவது ஒரு தடவை, அதுவும் தன் முன்னால். எனக்கு அப்போது கோபம்தான் வந்தது. இப்போது இல்லை. நம் வீட்டுச் சிலிண்டர் காஸ் காற்றில் சுமார் 2 முதல் 9 சதவீதம் வரை கலந்திருந்தால்தான் தீப்பிடிக்கும். அசிட்டிலீன் இரண்டரையில் ஆரம்பித்து எண்பதைத் தாண்டியும் பிடிக்கும்.

இயந்திரத்தைத் தோண்டி எடுக்க டிராக்டர் கொடுத்தவரும் அதே பெரியவர்தான். டீசலுக்குக்கூடக் காசு வாங்கவில்லை. ரோச்செஸ்டரிலிருந்து வந்த நம் தமிழ் நண்பர்கள் நாலு பேர் சுண்ணாம்பைச் சுரண்டினார்கள். பொங்கல் கொண்டாட்டத்துக்கு என்று சொல்லிக் கூட்டிவந்ததற்கு மன்னிக்கவும். பொங்கலும் இருந்தது அல்லவா.

சுத்தம் செய்த பிறகுதான் அது எவ்வளவு கெட்டிக்காரத்தனமான பொருள் என்று புரிந்தது. மேலே கல் நிற்கும் அறை, கீழே தண்ணீர், நடுவில் தண்ணீரில் மிதக்கும் கவிழ்த்த மணி மாதிரி ஒன்று. வீட்டில் வாயு செலவாகச் செலவாக மணி இறங்கும். இறங்கினால் கதவு திறந்து கொஞ்சம் கல் தண்ணீரில் விழும். வாயு வந்து மணி ஏறினால் கதவு மூடிக்கொள்ளும். கணினியும் இல்லை, ஆளும் இல்லை. இப்போது அது கொட்டகையில் நிற்கிறது, மணி மட்டும் கையால் தூக்கினால் ஏறி இறங்கும். வருகிற குழந்தைகள் எல்லாம் அதைத்தான் ஆட்டுகிறார்கள்.

அடுத்தது வீட்டுக்குள் ஓடும் குழாய். எங்கள் பிளம்பர் பொறுமைசாலி. பழைய இரும்புக் குழாயைக் கழற்றாமலே காற்றடித்து, சோப்புத் தண்ணீர் தடவி, நுரை கிளம்பிய மூன்று மூட்டுகளைக் கண்டுபிடித்துச் சரிசெய்தார். சமையலறைப் பக்கம் ஒரு கெஜ நீளத்துக்குக் குழாயே இல்லை. அங்கே பளபளவென்று செம்புக் குழாய் போட்டுவிட்டார். வேலை அவ்வளவு நேர்த்தி, பெருமையாக மாமாவுக்கு வீடியோவில் காட்டினேன். எங்களுக்குக் காலை பத்து, அவருக்கு ராத்திரி ஏழரை. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை உதறிவிட்டு எழுந்தார்.

"கண்ணு, அது என்ன, செம்பா?"

"ஆமா மாமா."

"கழட்டச் சொல்லு. இப்பவே கழட்டச் சொல்லு. கார்பைடு கேஸுக்குச் செம்பு ஆகாது. உள்ளே உப்பு மாதிரிப் படியும், காஞ்சா தட்டுனாலே வெடிக்கும்."

பதினைந்து வயதில் பட்டறைக்குப் போனவர் மாமா. டிரம்மில் கல் போட்டு, தண்ணீர் ஊற்றி, சாயங்காலம் சுண்ணாம்பு கொட்டி வளர்ந்தவர். அசிட்டிலீனும் செம்பும் சேர்ந்தால் அசிட்டிலைடு என்ற வெடிக்கும் உப்பு உண்டாகும் என்பதைப் பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டேன். அவருக்குப் படிக்காமலே தெரியும். பிளம்பரிடம் எப்படிச் சொல்வது என்று நான் தயங்கினேன். அவர் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, தான் இதுவரை பார்த்ததெல்லாம் புரொப்பேன் வாயுக் குழாய்தான் என்றும், உன் மாமா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்றும் சொல்லி, தன் கையால் போட்டதைத் தன் கையாலேயே அறுத்து எடுத்தார். இரும்பு போட்டதற்குக் கூலி வாங்கவில்லை. இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே நன்றி. அவர்கள் இன்னும் ஒருவரை ஒருவர் "ஹலோ மாமா", "ஹலோ தம்பி" என்றுதான் பேசிக்கொள்கிறார்கள். அதற்கு மேல் மொழி வேண்டியிருக்கவில்லை.

மாமா செய்த இன்னொரு உபகாரமும் உண்டு. இந்த விளக்குக்கு வாயு மிக மெதுவாக வர வேண்டும், தண்ணீரை மூன்று அங்குலம் தூக்கும் அளவு அழுத்தம் போதும். அதை அளக்கும் கருவி என்று ஒரு கடையில் வாங்கியது முள்ளே அசையாமல் கிடந்தது, திருப்பியும் எடுத்துக்கொள்ளவில்லை. மாமா சிரித்தார். கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் டியூபை வளைத்துச் சுவரில் கட்டி, பாதிக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றச் சொன்னார். பக்கத்தில் மகளின் பள்ளிக்கூட ஸ்கேலை ஒட்டினோம். கடைசி வரை அதுதான் எங்கள் கருவி.

ஒஹாயோவில் இருக்கும் சேகரிப்பாளருக்கு நன்றியோடு ஒரு மன்னிப்பும். விளக்கின் முனை மாக்கல்லில் செய்தது, நம் கல்சட்டி செய்கிற அதே மாக்கல். அதில் எதிரெதிராக இரண்டு நுண் துளை. இரண்டு தாரையும் நடுவில் மோதி மீன்வால் மாதிரி விரிந்து எரியும். துளை அடைத்திருந்தது. அம்மாவின் பழைய மண்ணெண்ணெய் ஸ்டவ்வுக்கு வைத்திருந்த ஸ்டவ் பின் என்னிடம் இருந்தது. குத்தினேன். துளை பெரிதாகிவிட்டது. கொட்டகை வாசலில், தீயணைப்புத் தலைவர் முன்னிலையில், அதை மட்டும் தனியாகச் சோதித்தபோது தாரைகள் ஒன்றையொன்று தொடவே இல்லை. ஒட்டடை மாதிரி நீள நீளமாகக் கரி மிதந்து வந்து எல்லோர் தலையிலும் இறங்கியது. சேகரிப்பாளர் திட்டாமல் ஆறு புது முனைகளை அனுப்பினார், கூடவே முடி மாதிரி மெல்லிய பித்தளைக் கம்பியும். கல் வேண்டாம், வெல்டிங்குக்கு விற்கும் சின்ன அசிட்டிலீன் சிலிண்டரும் அழுத்தம் குறைக்கும் ரெகுலேட்டரும் போதும் என்ற யோசனையும் அவருடையதுதான். அந்தச் சிலிண்டர்களின் அளவை இங்கே இன்றும் எம்சி, பி என்கிறார்கள். ஒரு காலத்தில் மோட்டார் சைக்கிள் விளக்குக்கும் பஸ் விளக்குக்கும் போன அளவாம். நாங்கள் வாங்கியது பி.

"மேண்டில் எங்கே?" என்று கேட்ட நண்பர்களுக்கு: இதில் சுடர் பட்டு ஒளிரும் அந்த வலைத்துணி கிடையாது, சுடரே வெளிச்சம். பெட்ரோமாக்ஸ் வேறு சாதி. அந்த மேண்டிலுக்கான தோரியம் ஒரு காலத்தில் நம் கன்னியாகுமரிப் பக்கத்து மணவாளக்குறிச்சி மணலிலிருந்தும் போனது. அது வேறு கதை.

கணவருக்கும் மகளுக்கும் நன்றியை வீட்டிலேயே சொல்லிக்கொள்கிறேன்.

இனி, பாட்டி. இந்த வீட்டில் பிறந்தவர், வயது 95, பக்கத்து ஊரில் முதியோர் இல்லத்தில் இருக்கிறார். வரலாற்றுச் சங்கத்தில் உதவி செய்யும் ஒரு பெண்மணிதான் அவரைத் தேடிக் கண்டுபிடித்தார், அவருக்கும் நன்றி. மின்சாரம் வந்தபோது பாட்டிக்கு எட்டு வயது. அப்பா பட்டப்பகலில் மட்டுமே கல் நிரப்புவார், அப்போது யாரும் பக்கத்தில் வரக்கூடாது என்றார். சுண்ணாம்பை அள்ளிக் கோழிக்கூண்டுக்கு வெள்ளையடிப்பார்களாம். மின்விளக்கு வந்ததும் அவர் அம்மாவுக்கு ஒரே குறை. புது விளக்கு மஞ்சளாக இருக்கிறது, கருநீல நூலும் கறுப்பு நூலும் ஒன்றாகத் தெரிகிறது என்பாராம். அசிட்டிலீன் வெளிச்சம் அவ்வளவு வெள்ளை என்று படித்திருந்தேன், நம்பவில்லை.

சனிக்கிழமை அவரைச் சக்கர நாற்காலியில் கூட்டிவந்தோம். சிலிண்டர் வெளித் திண்ணையில் சங்கிலியால் கட்டி நின்றது. ஜன்னல்கள் திறந்திருந்தன. தீயணைப்புத் தலைவர் வாசலில் கை கட்டி நின்றார். மாமா மேஜை மேல் போனில் இருந்தார், அவருக்கு விடிகாலை ஐந்தே கால். மஞ்சள் தண்ணீர் மூன்று அங்குலத்தில் நின்றது. தீக்குச்சியைக் காட்டியதும் 'பக்' என்று ஒரு சத்தம், அப்புறம் மீன்வால் சுடர். எல்லா மின்விளக்கையும் அணைத்தோம். என் புடவைக் கரை ஊதா என்று அப்போதுதான் தெரிந்தது. மூன்று வருடமாகக் கறுப்பு என்று நினைத்துக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

பாட்டி எதுவும் பேசவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தவர், கையை நீட்டி, தேடாமல், விளக்கின் திருகைச் சரியாகப் பிடித்து ஒரு சுற்று குறைத்தார். ஆள் இருக்கிற அறைக்கு இவ்வளவு போதும் என்றார். அவர் அப்பா சொல்வாராம்.

பிளம்பர் தம்பிக்கு ஒரு தகவல்: அறுத்து எடுத்த செம்புக் குழாய் நாலு துண்டு கொட்டகையில் பத்திரமாக இருக்கிறது. செம்பு விற்கிற விலைக்கு விட்டுவிடாமல் வந்து எடுத்துக்கொள்ளவும். முறுக்கும் இன்னொரு டப்பா இருக்கிறது.

அன்புடன்,
விளக்கு வீட்டிலிருந்து