பில்லில் ஒரு வரி எழுதித் தரலாமே

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

கும்பகோணத்தில் சின்னதாக ஒரு டிடிபி மையம் நடத்துகிறேன். கல்யாணப் பத்திரிகை, காதணி விழா அழைப்பு, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், இவைதான் தொழில். பழைய கம்ப்யூட்டர் போட்டோஷாப்பைத் திறக்கவே திணறியது. பாலிடெக்னிக்கில் படிக்கும் என் அக்கா மகன் சொன்ன யோசனைப்படி பாகங்களாக வாங்கி வீட்டிலேயே அசெம்பிள் செய்தோம். எல்லாப் பாகங்களையும் இணைக்கும் பி450 மதர்போர்டு, கணக்கு வேலையெல்லாம் செய்யும் ரைசன் 5 5600 பிராசசர். இரண்டும் ஒரே கடை, ஒரே பில்.

ஸ்விட்சைத் தட்டினால் ஃபேன் சுற்றியது, கேபினட்டில் விளக்கெல்லாம் எரிந்தது, மானிட்டரில் மட்டும் ஒன்றுமே வரவில்லை. கடைக்குப் போன் போட்டோம். "ராமைக் கழற்றி எரேசரால தேய்ச்சுப் போடுங்க" என்றார்கள். (ராம் என்பது தற்காலிக நினைவகப் பட்டை.) பழைய ராமுக்குச் சரி, கவர் பிரித்துச் சூடு ஆறாத ராமை எதற்குத் தேய்ப்பது? ஆனாலும் தேய்த்தோம்.

பையன் அவசரப்படவில்லை. பிராசசருக்கென்று தனியாகப் போகும் 8 பின் மின்வயர் மாட்டியிருக்கிறதா என்று பார்த்தான். 5600-இல் உள்ளேயே கிராபிக்ஸ் கிடையாது என்பதால், மானிட்டர் வயர் கிராபிக்ஸ் கார்டில்தான் இருக்கிறதா என்றும் பார்த்தான். ஒரே ஒரு ராமை மட்டும் வைத்துப் பார்த்தான். போர்டின் அமைப்புகளை நினைவில் வைத்திருக்கும் சிமாஸ் பேட்டரியைக் கழற்றி மாட்டினான். எங்கள் போர்டின் ஓரத்தில் சிபியு, டிராம், விஜிஏ, பூட் என்று நான்கு குட்டி விளக்குகள் உண்டு. எந்த இடத்தில் தடங்கலோ அந்த விளக்கு எரிந்தபடி நிற்கும். எங்களுக்கு நின்றது சிபியு, அதாவது பிராசசர் விளக்கு. கடைக்காரரிடம் சொன்னதுமே, "அப்போ பிராசசர் போயிருக்கும், கம்பெனிக்கு அனுப்பணும், நாளாகும்" என்று முடித்துவிட்டார்.

எங்கள் ஊரில் சர்வீஸ் செய்யும் ஒரு பெரியவரிடம் எடுத்துப் போனோம். அவர் கம்ப்யூட்டரைத் தொடவே இல்லை. மதர்போர்டு வந்த அட்டைப்பெட்டியைத்தான் கேட்டார். விலை ஸ்டிக்கரில் தயாரித்த ஆண்டு 2019 என்று இருந்தது. "இந்த பிராசசர் வந்ததே 2022-லம்மா. போர்டுக்கு இது யாருன்னே தெரியாது, எப்படி எழுந்திருக்கும்?" என்றார்.

போர்டுக்குள் பயாஸ் என்று ஒரு மென்பொருள் இருக்கிறது. எந்தெந்த பிராசசரோடு வேலை செய்யலாம் என்பது அதில்தான் இருக்கும். பழைய பயாஸ் என்றால், இடத்தில் கச்சிதமாக உட்காரும் புதிய பிராசசர்கூட ஓடாது. அவர் தன்னிடமிருந்த பழைய ரைசன் ஒன்றைப் போட்டார், டிஸ்ப்ளே வந்தது. தயாரிப்பாளரின் தளத்திலிருந்து புதிய பயாஸை பென்டிரைவில் இறக்கி ஏற்றினார். நடுவில் கரண்ட் போனால் போர்டே வீணாகிவிடுமாம், அதனால் யுபிஎஸ்ஸில் போட்டுத்தான் தொடங்கினார். அப்புறம் எங்கள் 5600-ஐத் திரும்ப மாட்டியதும் ஓடத் தொடங்கியது. எந்தப் பாகத்திலும் பழுது இல்லை!

இது யாருக்கும் தெரியாத ரகசியமும் இல்லை. 2018-இல் இதே மாதிரிச் சிக்கல் வந்தபோது, பயாஸை ஏற்றிக்கொள்வதற்காக ரைசன் தயாரிக்கும் ஏஎம்டி நிறுவனமே வாடிக்கையாளர்களுக்கு ஒரு பிராசசரை இரவல் அனுப்பியது. பல பெட்டிகளில் "ரைசன் 5000 டெஸ்க்டாப் ரெடி" என்று ஸ்டிக்கரே வருகிறது. இன்டெல் பக்கமும் இப்படித்தான்: 12-ஆம் தலைமுறை பிராசசரோடு வந்த எச்610 போர்டில் 14-ஆம் தலைமுறையைப் போட்டால், பயாஸ் பழசாக இருந்தால் இதே கதைதான். இதெல்லாம் தெரிந்த வியாபாரி, இரண்டு பெட்டியையும் ஒரே பையில் போட்டுக் கொடுக்கும்போது வாய் திறந்து சொல்ல வேண்டாமா? பொருளின் தரம் பற்றித் தெரிந்துகொள்ளும் உரிமையை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 நமக்குத் தந்திருக்கிறது.

நான் கேட்பது இலவச சர்வீஸ்கூட இல்லை. கிடப்பில் கிடக்கும் பழைய போர்டை விற்கும்போது, "இந்த பிராசசருக்கு பயாஸ் அப்டேட் தேவை" என்று பில்லில் எழுதித் தரட்டும். கட்டணம் வாங்கிக்கொண்டு கடையிலேயே ஏற்றித் தந்தாலும் சந்தோஷம்தான். வாங்குகிறவர்களும் அந்த "ரெடி" ஸ்டிக்கர் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பிராசசர் இல்லாமலே பென்டிரைவிலிருந்து பயாஸ் ஏற்றும் பொத்தான் சில போர்டுகளில் உண்டு, கொஞ்சம் விலை கூடினாலும் அதையே கேளுங்கள். முகூர்த்த மாதத்தில் கைக்கு வந்த பத்திரிகை வேலைகளைப் பக்கத்துக் கடைக்குத் தள்ளிவிட்டவள் என்ற முறையில் சொல்கிறேன்.

இப்படிக்கு,
டிடிபி மையம் நடத்தும் வாசகி,
கும்பகோணம்.