சின்னப் பிள்ளைகளோடு ஆடமாட்டேன் என்கிற மாப்ளேக்கு

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. பேத்திக்குக் காது குத்தியது, மொட்டை மாடியில் ஓடு பதித்தது, எல்லாம் படித்தேன். தங்கச்சிக்கு மூட்டுவலி இப்போது தேவலையா? இங்கே எல்லோரும் சுகம். பெரியவனுக்கு ஓசூருக்கு மாற்றல் ஆகியிருக்கிறது. மருமகள் மட்டும் பள்ளி ஆண்டு முடியும்வரை மதுரையிலேயே இருக்கட்டும் என்று முடிவு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ‘ஓய்வு பெற்றாயிற்று, இனி செஸ் ஆடலாம் என்று ஆசை. ஆனால் ஹாலுக்குள் எட்டிப் பார்த்தால் எல்.கே.ஜி. வகுப்பு மாதிரி இருக்கிறது. பொடிசுகளிடம் தோற்று மானம் போக வேண்டுமா? ஐம்பதைத் தாண்டியவர்களுக்குத் தனியாக நடத்தினால் சொல், வருகிறேன்’ என்று எழுதியிருக்கிறாய். இதற்குப் போனில் பதில் சொன்னால் நீ பாதியில் குறுக்கே பேசுவாய். அதனால்தான் கடிதம்.

நீ பார்த்தது உண்மைதான். இப்போது எந்த ஓப்பன் ரேட்டிங் போட்டிக்குப் போனாலும், அதாவது எல்லா வயதினரும் சேர்ந்து ஆடித் தங்கள் திறனைக் காட்டும் ரேட்டிங் புள்ளியை ஏற்றவோ இழக்கவோ செய்கிற போட்டிக்குப் போனாலும், பாதிக்கு மேல் பள்ளிப் பிள்ளைகள். தோற்றாலும் வெளியேறாமல் எல்லாச் சுற்றும் ஆடுகிற சுவிஸ் முறையில் முதல் சுற்று எப்படி ஜோடி சேரும் என்பது உனக்கு மறந்திருக்காது. ரேட்டிங் வரிசையில் எல்லோரையும் நிறுத்தி, மேல்பாதியின் முதல் ஆளுக்குக் கீழ்பாதியின் முதல் ஆள், இரண்டாவதுக்கு இரண்டாவது. ஆக, ஓரளவு ரேட்டிங் வைத்திருக்கிற நம் வயதுக்காரர்களுக்கு முதல் சுற்றில் எதிரே வந்து உட்காருவது பெரும்பாலும் ஒரு பத்து வயதுதான். கால் தரையில் எட்டாது. நாற்காலியில் முட்டி போட்டு உட்கார்ந்து, பென்சிலால் ஸ்கோர் ஷீட்டில் பெயர் எழுதிக்கொண்டிருக்கும். அதைப் பார்த்து ‘பாவம், குழந்தை’ என்று நினைக்கிறோம் பார், அங்கேயே பாதி ஆட்டம் போய்விடுகிறது.

தை மாதம் கோயம்புத்தூரில் ஆடினேன். நான்காவது சுற்றில் ஒரு பெண் பிள்ளை, ஒன்பது வயது இருக்கும். என் ரேட்டிங் 1720, அவளுடையது 1520. நான் ஒரு மூவுக்கு இருபது நிமிடம் யோசித்தால் அவள் எழுந்து போய்ப் பக்கத்து போர்டுகளையெல்லாம் வேடிக்கை பார்த்துவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு, திரும்ப வந்து உட்கார்ந்து உடனே ஆடிவிடுவாள். கடைசியில் எனக்கு ஒரு யானையும் ஒரு சிப்பாயும், அவளுக்கு யானை மட்டும். கடிகாரத்தில் எனக்கு நான்கு நிமிடம், அவளுக்கு நாற்பது. அவள் என்ன செய்தாள் தெரியுமா? யானையைத் தன் மூன்றாவது வரிசையில் நிறுத்திவிட்டு, இந்தப் பக்கம் ஒருமுறை அந்தப் பக்கம் ஒருமுறை என்று சும்மா நகர்த்திக்கொண்டே இருந்தாள். என் ராஜாவால் முன்னேற முடியவில்லை. வேறு வழியில்லாமல் சிப்பாயைத் தள்ளினேன். தள்ளிய மறுகணம் அவள் யானை போர்டின் மறுகோடிக்குப் போய்ப் பின்னாலிருந்து செக், செக், செக். ஒதுங்க எனக்கு இடமே இல்லை. ‘டிரா?’ என்றேன். போர்டை இன்னொரு தடவை பார்த்துவிட்டு ‘ம்’ என்று கை நீட்டினாள்.

பிலிடார் என்ற பிரெஞ்சுக்காரர் 18ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்த தற்காப்பு அது. திருச்சி விடுதியில் நாம் அதைப் படித்தது ஞாபகமிருக்கிறதா? நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் (என்.சி.பி.எச்.) கடையில் வாங்கிய ரஷ்யப் புத்தகம், நடுப்பக்கங்கள் கழன்று விழும். ஒரு முழு கோடை விடுமுறை அதற்கே போனது. வெளியே வந்ததும் ‘இதை யார் சொல்லிக்கொடுத்தது?’ என்று அவளைக் கேட்டேன். ‘யூடியூப்ல பார்த்தேன். நீங்க சிப்பாயைத் தள்ளாம இருந்தீங்கன்னா நான் யானையை நகர்த்திக்கிட்டே இருந்திருப்பேன் அங்கிள்’ என்றாள். பிறகு படிக்கட்டில் உட்கார்ந்து, அவள் அம்மாவின் பையிலிருந்த சுருட்டு போர்டை விரித்து, நடு ஆட்டத்தை ஒருமுறை புரட்டிப் பார்த்தோம். அந்த அரை மணி நேரத்துக்காகவே கட்டணம் கட்டியது தகும் என்று எனக்குத் தோன்றியது.

உன்னுடைய உண்மையான குறை மானம் இல்லை, ரேட்டிங் என்று எனக்குத் தெரியும். கணக்காகவே சொல்கிறேன். ஒரு ஆட்டத்தில் எத்தனை புள்ளி ஏறும், இறங்கும் என்பதற்கு உலக செஸ் சம்மேளனமான பிடே ஒரு பெருக்கல் எண் வைத்திருக்கிறது. 18 வயதுக்குள் இருப்பவர்களுக்கு, 2300ஐத் தொடும்வரை, அது 40. உனக்கும் எனக்கும் 20. அந்த டிராவில் எனக்கு ஐந்து புள்ளி போனது, அவளுக்குப் பத்து ஏறியது. தோற்றிருந்தால் எனக்குப் பதினைந்து, அவளுக்கு முப்பது. ‘அநியாயம்’ என்று ஹாலுக்கு வெளியே நம் வயதுக்காரர்கள் டீயும் கையுமாகப் புலம்புவதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அது அநியாயமாகப் படவில்லை. மூன்று மாதத்தில் ஒரு பிள்ளை வளர்கிற வேகத்துக்கு ரேட்டிங்கால் ஓடிப்பிடிக்க முடியாது. 1520 என்று காகிதத்தில் இருக்கும், ஆட்டம் 1750இல் இருக்கும். அந்த இடைவெளி சீக்கிரம் அடைபட்டால்தான் அடுத்து அவளோடு ஆடுகிற பெரியவருக்கு நல்லது. 40 என்ற எண் நமக்கும் பாதுகாப்பு என்பதை யாரும் யோசிப்பதில்லை.

கொரோனா காலத்தில்தான் இது முற்றிப்போனது. போட்டிகளே இல்லை, பிள்ளைகள் எல்லோரும் வீட்டில் உட்கார்ந்து ஆன்லைனில் ஆடித் தீர்த்தார்கள். திரும்ப வந்தபோது கையில் பழைய ரேட்டிங், தலையில் புது ஆட்டம். பெரியவர்கள் சரமாரியாகப் புள்ளிகளை இழந்தோம். பிடேயும் அதைக் கவனித்தது. 2024 மார்ச்சில் 2000க்குக் கீழே இருந்த எல்லோருக்கும் ஒரே தடவையாக ஏற்றிக் கொடுத்தார்கள். 2000க்கு எவ்வளவு குறைவோ அதில் நூற்றுக்கு நாற்பது பங்கு. 1500 இருந்தவர் 1700 ஆனார், 1800 இருந்தவர் 1880. ரேட்டிங்கின் அடிமட்டத்தையும் 1400 ஆக்கினார்கள். ஆகவே பிள்ளைகள் நம் புள்ளிகளை அடிக்கிற ‘கொள்ளை’ என்று நீ நினைப்பது இப்போது அவ்வளவு இல்லை.

இன்னொன்று. நம் ஊரில் ஒரு பத்து வயதுப் பிள்ளை பெரியவரைப் பார்த்து ‘நீங்கள் செய்தது தப்பு’ என்று சொல்லக்கூடிய இடம் எது, சொல் பார்க்கலாம். வீட்டிலா, பள்ளியிலா, கல்யாண வீட்டிலா? அதே கோயம்புத்தூரில் என் பக்கத்து போர்டில் ஒரு பெரியவர் பிஷப்பைத் தொட்டு, அரை அங்குலம் தூக்கி, திரும்ப வைத்துவிட்டுக் குதிரையை நகர்த்தினார். எதிரே இருந்த பையன் ஒன்றும் பேசவில்லை. கடிகாரத்தை நிறுத்திவிட்டுக் கையைத் தூக்கினான். ஆர்பிட்டர், அதாவது நடுவர், வந்தார். பெரியவர் முதலில் ‘சும்மா சரிப்படுத்தினேன்’ என்றார். ‘அட்ஜஸ்ட் என்று சொன்னீர்களா?’ என்று ஆர்பிட்டர் கேட்டார். பெரியவர் பையனைப் பார்த்தார், பையன் போர்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். ‘தொட்டேன்’ என்று ஒப்புக்கொண்டு, தொட்ட காயையே ஆட வேண்டும் என்பதால் பிஷப்பையே ஆடினார். அந்த ஆட்டத்தில் அவர்தான் ஜெயித்தார் என்பது வேறு கதை. முடிந்ததும் இரண்டு பேரும் கை கொடுத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். வயதுவாரியாகப் பிரித்துவிட்டால் அந்தப் பையனுக்கும் இது கிடைக்காது, பெரியவருக்கும் கிடைக்காது.

நீ பெரிய ஆட்டக்காரர்களைச் சொன்னால்தான் நம்புவாய். ரஷ்யாவில் பிறந்த கிராண்ட்மாஸ்டர் கோர்ச்னாயை எடுத்துக்கொள். 2006இல் உலக சீனியர் சாம்பியன் பட்டத்தை வாங்கினார். அதோடு சீனியர் போட்டிகளிலேயே சுகமாக இருந்திருக்கலாம். 2011இல், 79 வயதில், ஜிப்ரால்டர் ஓப்பனுக்குப் போய் 18 வயது கிராண்ட்மாஸ்டர் கருவானாவைத் தோற்கடித்தார். அந்தப் பக்கம் தோற்றவர்களைப் பார். 1956இல் நியூயார்க்கில் 13 வயது பாபி ஃபிஷர் ராணியைக் கொடுத்து டொனால்ட் பைர்னை ஜெயித்த ஆட்டம் உனக்கு மனப்பாடம். பைர்ன் நடுவிலேயே கைவிட்டிருக்கலாம், பையன் மேட் கொடுக்கும்வரை உட்கார்ந்து ஆடினார். விடுதியில் அந்த ஆட்டத்தைப் போட்டுப் பார்த்தபோது ஃபிஷரைத்தான் கொண்டாடினோம். இந்த வயதில் எனக்கு பைர்னைத்தான் அதிகம் பிடிக்கிறது.

செஸ் ஆடும் சிறுமி போதனா சிவானந்தனைப் பற்றிப் படித்திருப்பாய். அப்பா அம்மா நம் திருச்சிப் பக்கம், பிள்ளை லண்டன் ஹாரோவில் வளர்கிறாள். கொரோனா சமயத்தில் ஒரு குடும்ப நண்பர் ஊருக்குத் திரும்பும்போது விட்டுப்போன பெட்டியில் செஸ் போர்டு இருந்ததாம், அப்படி ஆரம்பித்தது. 2024இல் ஒன்பது வயதில் நாடுகளின் அணிகள் மோதும் புடாபெஸ்ட் செஸ் ஒலிம்பியாடில் இங்கிலாந்து பெண்கள் அணிக்கு ஆடினாள். 2025 ஆகஸ்டில் லிவர்பூலில் நடந்த பிரிட்டிஷ் சாம்பியன்ஷிப்பில், 60 வயது கிராண்ட்மாஸ்டர் பீட்டர் வெல்ஸை ஜெயித்தாள். ஐம்பது வயது வித்தியாசம்! வெல்ஸ் மானம் போய்விட்டது என்று யாராவது சொன்னார்களா?

நம் பக்கமே பார். ஆனந்த் 1988இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனபோது அவருக்கு 18 வயது, நாம் விடுதியில் பாயாசம் போடச்சொல்லி மெஸ்ஸில் தகராறு செய்தோம். அதே 18 வயதில் குகேஷ் 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் டிங் லிரனை ஜெயித்து உலக சாம்பியனே ஆகிவிட்டான். குகேஷ், பிரக்ஞானந்தா எல்லோரும் பன்னிரண்டு வயதில் கிராண்ட்மாஸ்டர் ஆனவர்கள். தங்கள் வயதுப் பிள்ளைகளோடு மட்டும் ஆடி அதை வாங்க முடியுமா? பெரியவர்களை ஒருவர் பின் ஒருவராக உட்காரவைத்து ஜெயித்துத்தான் ஏறினார்கள். அவர்களுக்கு முன்னால் உட்காரச் சம்மதித்த, பெயர் வெளியே தெரியாத 2100, 2200 ஆட்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று யோசித்துப் பார். அந்த ஆட்கள் இப்போது குறைந்துகொண்டே வருகிறார்கள், உன்னைப் போல ஒதுங்கிப்போகிறார்கள். எனக்கு இதில் உண்மையான கவலை அதுதான்.

எல்லாமே அழகு என்று சொல்லமாட்டேன். ஹாலுக்கு வெளியே நீ பார்க்காத காட்சி ஒன்று உண்டு. போனை உள்ளே விடமாட்டார்கள் என்பதால் அப்பா அம்மாக்கள் தாழ்வாரம் முழுக்கப் போர்வை விரித்து, டிபன் கேரியரும் பவர் பேங்கும் சுற்றி வைத்துக்கொண்டு, முடிவு வந்ததா வந்ததா என்று போனையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஜெயித்த பிள்ளைக்கு ஐஸ்கிரீம். தோற்ற பிள்ளைக்கு அங்கேயே, எல்லோர் முன்னாலும், ‘குதிரையைத் தூக்கி ஏன் சும்மா குடுத்தே?’ என்று அதட்டல். என்னிடம் தோற்ற ஒரு சிறுவனுக்கு அப்படி நடந்தது. நான் போய் ‘சார், உங்கள் பையன் ஒண்ணும் சும்மா தரவில்லை, நாற்பது மூவ் என்னைத் திணறடித்தான்’ என்றேன். அவர் சிரித்து மழுப்பினார். இதற்கும் பெரியவர்கள் ஹாலில் இருக்க வேண்டும் என்கிறேன். தோற்றுவிட்டு டீ குடித்துவிட்டு அடுத்த சுற்றுக்குச் சாதாரணமாகப் போகிற ஆட்களை அந்தப் பிள்ளைகள் வேறு எங்கே பார்ப்பார்கள்?

உடம்பு விஷயமும் சொல்லிவிடுகிறேன். ஆளுக்கு ஒன்றரை மணி நேரம், மூவுக்கு முப்பது வினாடி கூடுதல். ஒரு நாளைக்கு இரண்டு சுற்று என்றால் எட்டு மணி நேரம்கூட ஆகிவிடும். இடைவேளையில் பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடுவார்கள், நாம் முதுகைச் சாய்க்க இடம் தேடுவோம். நுழைவுக் கட்டணமும் இரண்டாயிரத்தைத் தாண்டுகிறது. ஓப்பனிங்கில், அதாவது ஆட்டத் தொடக்கத்தில், அவர்களோடு போட்டி போடாதே, கம்ப்யூட்டரைக் கேட்டு இருபது மூவ் மனப்பாடமாக வருவார்கள். அமைதியாக ஆடி முடிவாட்டத்துக்கு இழுத்துக்கொண்டு போ. பாதிப் பேர் அங்கே அவசரப்படுவார்கள். (அந்தக் கோயம்புத்தூர்ப் பெண் மட்டும் விதிவிலக்கு.)

சீனியர் போட்டி தனியாக வந்தால் நானும் வருகிறேன், அதில் ஒன்றும் தப்பில்லை. ஆனால் அதற்காகக் காத்திருக்காதே. மே மாதம் திருச்சியிலேயே ஒரு ஓப்பன் இருப்பதாகப் பேச்சு. அகில இந்திய செஸ் சம்மேளனத்தில் உன் பதிவைப் புதுப்பிக்க வேண்டும், அது ஆன்லைனில் முடிகிற வேலை, வராவிட்டால் என் மருமகள் போட்டுத் தருவாள். பிறந்த தேதிச் சான்றும் ஒரு போட்டோவும் வாட்ஸ்அப்பில் அனுப்பு. அந்த முண்டாசு கட்டிய போட்டோ வேண்டாம். அப்புறம், உன் மகன் வாங்கிக்கொடுத்த ஸ்மார்ட் வாட்சை வீட்டிலேயே வைத்துவிட்டு வா, ஹாலுக்குள் அதோடு உட்கார்ந்தால் ஆட்டமே போய்விடும். தங்கச்சியிடம் கேட்டுத் தேதி சொல், ரூமை நான் போட்டுவிடுகிறேன்.

அன்புடன்,
உன் மச்சான்,
மதுரை