ஹெட்டை மட்டும் இப்போ கழட்டாத

டேய் பங்காளி,

லெட்டர் படிச்சேன். பாப்பாவுக்கு தை மாசம் கல்யாணம்னதும் வீட்ல ஒரே குஷி, உங்க அண்ணி அப்பவே காலண்டரை எடுத்து முகூர்த்த நாளெல்லாம் பாக்க உக்காந்துட்டா, நாங்க முதல் நாளே வந்துருவோம். இங்க புதுசா ஒண்ணும் இல்ல. பையன் பூனாவுலயே வீடு பாத்துட்டான், எனக்கு முட்டி வலி, டாக்டர் கீழ உக்காராதீங்கன்னாரு, வண்டிக்கு அடியில படுக்கலாமான்னு கேட்டேன், மேலயும் கீழயும் பாத்துட்டு மருந்து எழுதிக் குடுத்துட்டாரு.

சரி, வண்டி கதைக்கு வரேன். மாமனார் வண்டி, 78 மார்க் 3 அம்பாசிடர், ஏற்காடு மலைல பாதி ஏறும்போதே சூடு காட்டற முள்ளு சிவப்புக்குப் போயி தண்ணி கொதிச்சு வெளிய வந்துருச்சு, மெக்கானிக் பாத்துட்டு எஞ்சின் பிளாக்குக்கும் மேல இருக்கற ஹெட்டுக்கும் நடுவுல உள்ள கேஸ்கட் போயிருச்சு, ஹெட்டை இறக்கணும்னுட்டாருன்னு எழுதியிருக்க. எதை வச்சு சொன்னாருன்னு கேட்டியா? தண்ணி கொதிச்சா கேஸ்கட்னு சொல்றது ரொம்ப ஈஸி, ஆனா கொதிக்கறதுக்கு ஆயிரம் காரணம் இருக்கு, கேஸ்கட் அதுல கடைசில பாக்க வேண்டியது.

மொதல்ல எனக்கு ஒண்ணு சொல்லு, எப்போ சூடாகுது? டிராஃபிக்ல நின்னா சூடாகி, ரோட்ல ஓடினா இறங்கிருதுன்னா காத்து பத்தலன்னு அர்த்தம், ஃபேன் பெல்ட் லூஸா இருக்கும், இல்ல ரேடியேட்டர் முன்னாடி பூச்சியும் தூசியும் அடைச்சிருக்கும். டவுன்ல நல்லா இருந்து, ஹைவேல இழுக்கும்போதும் மலை ஏறும்போதும் மட்டும் சூடாகுதுன்னா தண்ணி ஓட்டம் பத்தல. நீ எழுதினத பாத்தா ரெண்டாவது கேஸ் மாதிரிதான் தோணுது, எனக்கு சந்தேகம் ரேடியேட்டர் கோர் மேலதான், அதான் தண்ணி ஓடற ட்யூப் இருக்கற நடுப்பகுதி. உங்க ஊரு போர் தண்ணி எப்படின்னு எனக்குத் தெரியாதா, மாமனார் காலத்துலேர்ந்து அதையேதானே ஊத்தியிருப்பீங்க, உள்ள ட்யூபெல்லாம் வெள்ளையா உப்பு படிஞ்சு பாதி அடைச்சிருக்கும்.

இத பாக்க காசு செலவே இல்ல. நல்லா ஓட்டிட்டு வந்து எஞ்சினை ஆஃப் பண்ணு, ஃபேன் நின்னப்புறம் ரேடியேட்டர் மேல கைய லேசா வச்சு ஓரத்துலேர்ந்து ஓரம் வரைக்கும் தடவிப் பாரு, சுட்டுக்காத. மேல சூடு ஜாஸ்தியாவும் கீழ போகப் போக கம்மியாவும் இருக்கறது சரிதான், ஆனா நடுவுல ஒரு திட்டு மட்டும் ஜில்லுனு இருந்தா அங்க தண்ணியே போகல. பித்தளை டாங்க் வச்ச பழைய ரேடியேட்டர்தானே, நல்ல ரேடியேட்டர் கடையா பாத்துக் குடுத்தா ஈயத்தை உருக்கி மேல் டாங்கைப் பிரிச்சு ட்யூப் ட்யூபா தகடு விட்டு சுத்தம் பண்ணித் தருவாங்க. அதோட சேத்து பிளாக்குல பின்பக்கம் தண்ணிய வெளிய விடறதுக்கு இருக்கற டிரெய்ன் டேப்பையும் திறந்து பாரு. திறந்தா சொட்டுத் தண்ணி வராது பாரு, பயந்துராத, சேறு அடைச்சிருக்கும், ஒரு கம்பிய விட்டுக் குத்தினா துரு கலந்த சிவப்புத் தண்ணி குபுக்னு வரும். நாலாவது சிலிண்டர் பக்கம்தான் அந்தச் சேறு போய் உக்காரும், ரேடியேட்டரை மட்டும் சுத்தம் பண்ணிட்டு இத விட்டா பாதி வேலைதான்.

ரேடியேட்டர் மூடிய மறந்துராத. உன் வண்டில இருக்கற மாதிரி அந்தக் காலத்து பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) எஞ்சினுக்கெல்லாம் பெரும்பாலும் 7 பவுண்டு பிரஷர் தாங்கற மூடி, ரப்பர் நல்லா இருந்தா தண்ணி 110 டிகிரி வரைக்கும் கொதிக்காம தாங்கும். ரப்பர் செத்துப்போச்சுன்னா கீழ 100லயே கொதிக்கும், ஏற்காடு 1500 மீட்டர் உயரம், அங்க 95லயே கொதிச்சுரும். அதுக்காக 15 பவுண்டு மூடி போட்டா சரியாயிரும்னு எவனாவது சொன்னா கேக்காத, பழைய கோர் ஜாயின்ட்ல பிச்சுகிட்டு ஊத்தும். அப்புறம் கீழ் ஹோஸு, யாரையாவது ஆக்சிலேட்டர் மிதிக்கச் சொல்லிட்டு பாரு, அது பம்ப் உறிஞ்சற பக்கம், உள்ள ஸ்பிரிங் மக்கிப்போயிருந்தா ரைஸ் பண்ணும்போது சப்பையா ஒட்டிக்கும்.

டிஸ்ட்ரிபியூட்டர்ல இருக்கற பிளாட்டினம் பாயின்ட் கேப்பும் பாரு, 15 தௌ, அதாவது இன்ச்சுல ஆயிரத்துல 15 பங்கு இருக்கணும். கேம்ல உரசற கட்டை தேய தேய கேப் குறையும், ஸ்பார்க் டைமிங் தானா பின்னாடி போகும், இழுவை இருக்காது, எஞ்சின் சூடு ஏறும். இத யாரும் கூலிங் பிரச்சனைன்னு நினைக்கறதே இல்ல, அதான் கடுப்பு.

தெர்மோஸ்டாட்டை, அதான் தண்ணி சூடாகற வரைக்கும் ரேடியேட்டருக்குப் போகாம மூடியிருக்கற வால்வை, எடுத்து வீசிருங்கன்னு நம்மூர்ல எல்லாரும் சொல்வாங்க, எனக்கு அதுல உடன்பாடு இல்ல. எஞ்சின் சூடே ஏறாம ஓடி பெட்ரோலை குடிக்கும், தேய்மானமும் ஜாஸ்தி. வெந்நீர்ல போட்டுப் பாரு, திறந்தா வச்சுக்கோ, திறக்கலன்னா புதுசு போடு.

இதெல்லாம் சரியா இருந்தும் கொதிச்சா அப்போ கேஸ்கட்டை சந்தேகப்படு. காலைல எஞ்சின் ஜில்லுனு இருக்கும்போது மூடிய கழட்டிட்டு ஸ்டார்ட் பண்ணு, ரைஸ் பண்ணப் பண்ண முட்டை முட்டையா குமிழ் நிக்காம வந்தா, இல்ல மூடி போட்டு ஸ்டார்ட் பண்ண கொஞ்ச நேரத்துலயே தண்ணி சூடாகறதுக்குள்ள மேல் ஹோஸ் கல்லு மாதிரி இறுகினா கேஸ்கட்தான், ஹெட் இறக்கு. ஆயில் டிப்ஸ்டிக்ல வெளுப்பா நுரை இருக்கான்னும் பாரு. சூடா இருக்கும்போது மட்டும் மூடில கை வைக்காத, மூஞ்சி வெந்துரும்.

அப்புறம் மாப்பிள்ளை அழைப்புக்கு இந்த வண்டிதான்னு எழுதியிருக்க. நாதஸ்வரக்காரங்க பின்னாடி நடை வேகத்துல ஒரு மணி நேரம் ஊரும், காத்தே கிடைக்காது, அதுக்கு மலை ஏத்தத்த விட பெல்ட்டும் ஃபேனும்தான் முக்கியம். மாப்பிள்ளைய உக்கார வைக்கறதுக்கு முன்னாடி ஒரு நாள் சாயங்காலம் அதே தெருவுல ஃபர்ஸ்ட் கியர்லயே ஊர்ந்து பாத்துரு. கூலன்ட் மூணுல ஒரு பங்கு, மீதி ஆர்ஓ தண்ணி, போர் தண்ணிய கிட்டயே விடாத.

ரேடியேட்டர் கடைக்காரன் என்ன சொன்னான்னு எழுது. பழைய மூடிய தூக்கிப் போட்றாத, வரும்போது பாக்கறேன்.

பத்திரிக்கைல என் பேரு பழையபடி தப்பா போட்றாதடா.

உன் பங்காளி